கண்டியில் கல்லும் மரமும் பேசக் கேட்ட பிரேசர்

கண்டி மாநகரின் நடுவே நிற்பவன் நான்கு திசையிலும் தெய்வ சந்நிதிகளையே காண்பான். ஏரிக்கரையில் தலதா மாளிகை. அதன் அண்டையில் நாததேவன், திருமால், கண்ணகியாம் பத்தினித் தெய்வம் ஆகியோரின் தேவாலயங்கள். அவற்றுக்கிடையே, முன்னர் அரண்மனைக்குரியதாயிருந்த நிலத்தில், செங்கல்லால் எழுந்த தூய பவுல் ஆலயமும் நிற்கிறது. 1843ஆம் ஆண்டில் தொடங்கி ஆங்கிலேயர் கட்டிய கோயில் அது. கூர்வளைவுச் சாளரங்களும் தடித்த சுவர்களும் உடையது. இங்கிலாந்தின் நகரொன்றிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து வைத்தாற் போன்றது. கண்டிய அரசு வீழ்ந்து ஒரு தலைமுறை கழிந்திருந்த அக்காலத்தில், வென்றவரின் சமயம் வென்றவரின் கட்டடக் கலையோடே வந்தது.

நகரை விட்டுச் சற்றே மேடேறித் திரித்துவக் கல்லூரி வளவினுள் புகுவோமாயின் முற்றும் வேறானதொரு கிறித்தவ ஆலயத்தைக் காண்போம். அதற்குப் பக்கச் சுவர்கள் இல்லை. வரிசை வரிசையாகக் கருங்கற்றூண்கள். அவற்றின்மேல் கண்டிய மரபில் இரு படியாய்ச் சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை. அறியாதவர் அதனைப் பண்டைய அரசனொருவனின் கொலுமண்டபம் என்றே கொள்வர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், அலெக்சாண்டர் கார்டன் பிரேசர் என்னும் பெருமகனின் வாழ்க்கையை அறிய வேண்டியதாகிறது.

பிரேசர் 1873ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலுள்ள திலிக்கூல்ட்ரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சேர் அண்ட்ரூ பிரேசர் இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, 1903 முதல் 1908 வரை வங்காளத்தின் துணை ஆளுநராய் விளங்கியவர். ஆட்சியாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆட்சிப் பணியே இயல்பான வழியாயிருந்திருக்கும். ஒக்ஸ்போட்டிற் கற்ற இளைஞரோ சமயத் தொண்டினைத் தேர்ந்தார். 1900 முதல் மூன்றாண்டுகள் ஆபிரிக்காவின் உகண்டாவிற் பணியாற்றினார். பின்னர் 1904ஆம் ஆண்டில், முப்பது வயது கடந்த அளவில், கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்து சேர்ந்தார்.

கல்லூரி அப்பொழுது புதியதன்று. 1872இல் திருச்சபைத் தொண்டர் சங்கத்தாரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்து மிசன் கல்லூரிகளின் போக்கிலேயே அதுவும் நடந்து வந்தது. ஆங்கிலம் பேசும் எழுத்தர்களையும் உத்தியோகத்தரையும் ஆக்குவதே அப்போக்கின் பயன். மாணவன் இலத்தீன் இலக்கணத்தைத் திருத்தமாக ஒப்புவிப்பான். தன் பாட்டி சொல்லும் கதையை எழுதத் தாய்மொழி எழுத்தறியான். ஆங்கிலப் புலவரின் நூல்களை நெட்டுருப் பண்ணுவான். தன்னூர்க் கோயிலின் தூணிலுள்ள சிற்பம் யாதென அறியான். இக்குறையைப் புதிய அதிபர் கண்டார். கல்வி ஒருவனைத் தன் மக்களிடமிருந்து பிரித்துவிடுமாயின் அது கல்வியன்று என்னும் எண்ணம் அவருள் வேரூன்றிற்று.

சிங்கள மாணவருக்குச் சிங்களமும் தமிழ் மாணவருக்குத் தமிழும் பாடத்திட்டத்தில் உரிய இடம் பெற வழி செய்தார். ஆங்கிலமே உத்தியோகத்திற்கும் மதிப்பிற்கும் வாயிலாயிருந்த நாளில் இது பெற்றோர் பலருக்கு விளங்காத புதுமை. மகனுக்குத் தாய்மொழி கற்பிக்கவா கட்டணம் செலுத்துகிறோம் என்று எண்ணும் காலம் அது. சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் என்று பல இனத்துப் பிள்ளைகளும், கடல் கடந்த நாடுகளின் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிக் கற்றனர். நகரத்து ஏழை மக்கள் வாழும் நெருக்கமான குடியிருப்புக்களுக்கு மாணவரை அனுப்பி, அங்குள்ளோரின் நிலையைக் கண்டறிந்து தொண்டு செய்யவும் பழக்கினார்.

இத்தகைய கல்லூரிக்கு ஓர் ஆலயம் வேண்டுமென்ற எண்ணம் எழுந்தபோது, அதன் வடிவம் யாதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவும் உடன் எழுந்தது. வகுப்பறையில் நாட்டு மொழியைக் கற்பித்துவிட்டு, வழிபாட்டிற்கு மட்டும் பிள்ளைகளை அயல்நாட்டுக் கட்டடத்துள் அழைத்துச் செல்வது பொருந்துமா? பொருந்தாது என்பதே பிரேசரின் முடிவு. அந்த முடிவுக்கு உருக்கொடுத்தவர் அவருடன் துணை அதிபராயிருந்த வணக்கத்துக்குரிய லூயிஸ் ஜோன் காஸ்டர். கட்டடத்தை வரைந்தவர் அவரே.

கண்டிய அரசரின் கொலுமண்டபம் கண்முன்னே இருந்தது. மதுரை நாயக்கர் வழித்தொடர்புடைய இராசாதி இராசசிங்கன் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழத் தொடங்கிய மண்டபம் அது. 1815ஆம் ஆண்டு கண்டிய இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கையளித்த உடன்படிக்கை அங்கேயே செய்யப்பட்டது. சுவரின்றி, தூண்களே தாங்கிநிற்கும் அக்கட்டடத்தின் அமைப்பையே ஆலயத்திற்கும் தழுவினர். அரசு இழந்த மண்டபத்தின் வடிவம் நூறாண்டுகள் கழித்து ஒரு வழிபாட்டிடத்தின் வடிவமாயிற்று.

மண்டபத்தின் தூண்கள் மரத்தாலானவை. ஆலயத்தின் தூண்களோ கல்லாலானவை. கண்டியை அடுத்த அருப்பொலையில் உடைத்தெடுத்த கல் அது. ஐம்பத்து நான்கு தூண்களும் உளி கொண்டு செதுக்கப்பட்டவை. தூணின் தலையிலே கூரையின் பாரத்தை ஏற்கும் உறுப்பைச் சிங்களச் சிற்பியர் பேகட என்பர். நம் கோயிற் சிற்பியர் போதிகை என்பர். கவிழ்ந்த தாமரை மொட்டினை ஒத்த அவ்வுறுப்பு எம்பெக்கைத் தேவாலயத்தின் மரத்தூண்களிற் சிறந்து விளங்குவது. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களிலும் நாம் பழகக் கண்டதே. கிறித்தவ ஆலயத்திற்குள் நிற்கும் தமிழ்ச் சைவனொருவன் நிமிர்ந்து நோக்கினால் அயன்மை உணராதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூரையின் அமைப்பிலும் காரணம் உண்டு. கண்டிப் பகுதி இரு பருவக் காற்றுக்களாலும் மழை பெறுவது. மேற்கூரை செங்குத்தாய்ச் சரிவதால் நீர் விரைந்து வழிகிறது. கீழே சரிவு தணிந்து இறவாரம் வெளியே நீள்வதால் சாரல் உள்ளே புகாது தடைப்படுகிறது. சுவரில்லாமையால் காற்றும் ஒளியும் தாமே வந்து போகின்றன. தடித்த சுவரும் குறுகிய சாளரமும் குளிர்நாட்டிற்கு வேண்டியவை; இம்மலைநாட்டின் வெயிலையும் மழையையும் பல நூற்றாண்டுகள் பழகியறிந்தவர் கண்ட கட்டடமே இவ்விடத்திற்குத் தக்கது. ஆகவே, அந்நாட்டு வடிவைத் தழுவியது அழகு கருதியது மட்டுமன்று, அறிவு கருதியதுமாகும்.

எண்ணியவை யாவும் எளிதில் நிறைவேறவில்லை. இடையில் முதல் உலகப் போர் மூண்டது. பிரேசர் படையினரின் குருவாகச் சென்றார். கல்லூரியில் அவருக்கு வலக்கையாயிருந்த அறிவியல் ஆசிரியர் நோமன் கம்பெல் 1917ஆம் ஆண்டு போர்க்களத்தில் மாண்டார். போர் முடிந்தபின் 1919இல், இந்தியக் கிராமக் கல்வியை ஆராய்ந்த மிசன் ஆணைக்குழுவுக்குப் பிரேசர் தலைமை தாங்கினார். அக்குழுவில் சேலத்திற் பிறந்த தமிழரான கே. டி. பால் அவர்களும் இருந்தார். கண்டியிற் கண்ட குறையையே இந்தியக் கிராமங்களிலும் பிரேசர் கண்டிருத்தல் வேண்டும்.

1924ஆம் ஆண்டில் அவர் கண்டியை விட்டு நீங்கினார். மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில் அச்சிமோத்தா என்னுமிடத்தில் எழவிருந்த புதிய கல்லூரியின் முதல் அதிபராக அழைக்கப்பட்டிருந்தார். அங்கும் அதே கொள்கை. ஆபிரிக்கரான கலாநிதி அக்ரேயைத் தம்முடன் உயர் பதவியில் அமர்த்திக்கொண்டார்; ஆபிரிக்க மொழிகளுக்கும் கலைகளுக்கும் இடமளித்தார். பிற்காலத்தில் கானா நாட்டை விடுதலைக்கு நடத்திச் சென்ற நிக்ருமா அங்கு ஆசிரியப் பயிற்சி பெற்றவரே.

கண்டியில் ஆலயமோ அப்பொழுது முற்றுப்பெறவில்லை. கனவு கண்டவர் கடல் கடந்துவிட்டார். காஸ்டரும் கற்றச்சரும் தச்சரும் பணியைத் தொடர்ந்தனர். கல்லூரியின் பழைய மாணவரும் ஓவிய ஆசிரியருமாகிய டேவிட் பெயின்டர், ஆலயத்தின் உட்சுவர்ப் பகுதிகளில் விவிலியக் காட்சிகளைத் தீட்டினார். ஆங்கிலத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர் அவர். இலண்டனில் ஓவியம் பயின்றவர். நல்ல சமாரியன், சீடரின் பாதங்களைக் கழுவுதல், சிலுவைப்பாடு முதலிய காட்சிகளில் அவர் தீட்டிய முகங்கள் ஐரோப்பிய முகங்கள் அல்ல. கண்டித் தெருவில் நாளும் காணும் மாநிற முகங்கள். தூண்கள் தொடங்கிவைத்த கருத்தை ஓவியங்கள் முடித்துவைத்தன எனலாம். 1935ஆம் ஆண்டு ஆலயம் அர்ப்பணம் செய்யப்பட்டது. பிரேசர் அச்சிமோத்தாவிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே ஆண்டிலேயாம்.

பிரேசரை மதிப்பிடுங்கால் ஒன்றை மறத்தலாகாது. அவர் பேரரசின் பிள்ளை. ஆட்சியாளரின் செல்வாக்கு அவர்க்குத் துணை நின்றது. சமயம் பரப்புவதே அவர் வந்த நோக்கம். நாட்டு மக்களின் கலைவடிவை மிசனார் ஏற்றது, அம்மக்களை எளிதில் தம்பால் ஈர்ப்பதற்கே என்று ஐயுறுவோரும் உளர். அவ்வையம் முற்றும் அடிப்படையற்றதன்று. எனினும், ஒரு வடிவை இரவல் வாங்குவோர் அதன் முன் பணிந்து கற்க வேண்டியவராகின்றனர். உளி பிடித்தவர் இந்நாட்டுச் சிற்பியர். அவர் மரபே அளவுகோலாயிற்று. மிசனார் ஆசிரியராய் வந்து, அவ்விடத்தில் மாணவராயினர். தூய பவுல் ஆலயத்தைக் கட்டியோர்க்கு அத்தகைய தேவை எழவில்லை.

1962ஆம் ஆண்டில் பிரேசர் காலமானார். அதற்குள் இலங்கையும் கானாவும் விடுதலை பெற்றுவிட்டன. தாய்மொழிக் கல்வி என்பது அரசுகளின் கொள்கையாகிவிட்டது. ஆனால் இலங்கையிலே அம்மொழிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும் நிலையும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்துவிட்டது. இரு மொழிகளையும் ஒரே கல்லூரியில் அருகருகே அமர்த்திய அதிபரின் செயல், அந்நிலையை எண்ணிப் பார்க்குங்கால் முன்னிலும் பெரிதாய்த் தோன்றுகிறது. மழைக்காலத்து மாலைகளில் அந்த ஐம்பத்து நான்கு தூண்களினூடே காற்று இன்றும் தடையின்றிப் புகுந்து செல்கிறது.