ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (டிசம்பர் 24, 1818 – அக்டோபர் 11, 1889) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஓர் இயற்பியலாளர் ஆவார். வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதையும், அம்மாற்றம் எப்போதும் ஒரே விகிதத்தில் நிகழ்கிறது என்பதையும் சோதனைகள் மூலம் நிறுவியவர் இவர். இவரது ஆய்வுகள் ஆற்றல் அழிவின்மை விதிக்கும் வெப்ப இயக்கவியலுக்கும் அடித்தளமாக அமைந்தன. வேலை, ஆற்றல், வெப்பம் ஆகியவற்றின் அனைத்துலக அலகான ஜூல் இவரது பெயரைக் கொண்டது. ஜூல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். தொழில்முறையில் பியர் ஆலை உரிமையாளர்.

இளமைக் காலம்

ஜூல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் ஜூல் செல்வந்தரான பியர் ஆலை உரிமையாளர். தாயார் ஆலிஸ் பிரெஸ்காட். சிறு வயதில் முதுகெலும்புக் குறைபாட்டால் உடல்நலம் குன்றியிருந்த ஜூல், பெரும்பாலும் வீட்டிலேயே கல்வி கற்றார். 1834 இல் இவரும் இவரது தமையனாரும் அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்ட்டனிடம் மாணவர்களாகச் சேர்ந்தனர். டால்ட்டன் இவர்களுக்கு எண்கணிதமும் வடிவியலும் கற்பித்தார். 1837 இல் டால்ட்டன் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டதால் அப்படிப்பு நின்றது.

பின்னர் ஜூல் குடும்பத்தின் ஆலை நிர்வாகத்தில் ஈடுபட்டார். பியர் தயாரிப்பில் நீரின் வெப்பநிலையைத் துல்லியமாகக் கவனிக்க வேண்டும். ஜூல் பிற்காலத்தில் செய்த நுண்ணிய வெப்பநிலை அளவீடுகளுக்கு இத்தொழில் அனுபவம் பெரிதும் உதவியது என வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர்.

மின்சார ஆய்வுகள்

அக்காலத்தில் புதிதாக உருவாகிவந்த மின்னோடிகள் நீராவி எந்திரங்களுக்கு மாற்றாக அமையும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. ஜூலும் அந்த நம்பிக்கையுடன்தான் 1838 ஆம் ஆண்டளவில் ஆய்வைத் தொடங்கினார். ஆனால், மின்கலத்தில் கரையும் ஒரு பவுண்டு துத்தநாகத்தைவிட, நல்ல நீராவி எந்திரத்தில் எரியும் ஒரு பவுண்டு நிலக்கரி பல மடங்கு அதிக வேலையைத் தருகிறது என அவர் கண்டறிந்தார். துத்தநாகம் நிலக்கரியைவிட விலையும் மிகுந்தது. எனவே மின்னோடி மலிவாக அமையாது என்ற முடிவுக்கு வந்தார். எதைச் செலவிட்டு எவ்வளவு வேலையைப் பெறுகிறோம் என்ற இக்கணக்கே அவரது பிற்கால ஆய்வுகள் அனைத்திற்கும் தொடக்கமாயிற்று.

1840 இல், மின்னோட்டம் பாயும் கடத்தியில் குறிப்பிட்ட நேரத்தில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருபடியையும் மின்தடையையும் பெருக்கிவரும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் எனக் கண்டார். இது ஜூல் விதி எனப்படுகிறது. மின்சார அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, மின் உருகி ஆகியன இவ்விதியின்படியே செயற்படுகின்றன.

வேலையும் எளிய எந்திரங்களும்

ஒரு விசை ஒரு பொருளைத் தன் திசையில் நகர்த்தும்போது, விசையையும் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது வேலை ஆகும். நெம்புகோல், கப்பி, சாய்தளம் போன்ற எளிய எந்திரங்கள் தேவைப்படும் விசையைக் குறைக்கின்றன. ஆனால் அதற்கு ஈடாகத் தொலைவை அதிகரிக்கின்றன. இரு கப்பிகளைக் கொண்டு 100 கிலோ எடையைப் பாதி விசையில் தூக்க இயலும். ஆனால் எடை ஒரு மீட்டர் உயர, கயிற்றை இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும். எனவே எந்த எந்திரமும் தனக்குத் தரப்பட்ட வேலையைவிட அதிக வேலையைத் திருப்பித் தருவதில்லை.

நடைமுறையில் திரும்பக் கிடைக்கும் வேலை எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். உராய்வே இதற்குக் காரணம். ஜூலின் காலத்தில் உராய்வினால் குறையும் வேலை வெறுமனே அழிந்துபோவதாகவே பலரும் எண்ணினர். மறுபுறம், வெப்பம் என்பது கலோரிக் என்னும் எடையற்ற ஒரு பாய்பொருள் என்றும், அதனை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்றும் நம்பப்பட்டது. அழிந்ததாகக் கருதப்பட்ட அந்த வேலை வெப்பமாக மாறுகிறதா, மாறினால் எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்பதே ஜூல் எழுப்பிய கேள்வி.

துடுப்புச் சக்கரச் சோதனை

ஜூல் 1843 முதல் பல வழிகளில் இதற்கு விடை தேடினார். நீருக்குள் மின்காந்தத்தைச் சுழற்றியும், நுண்ணிய துளைகளின் வழியே நீரைச் செலுத்தியும், காற்றை அழுத்தியும் சோதனைகள் செய்தார். இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது துடுப்புச் சக்கரச் சோதனை ஆகும். 1845 இல் இதன் முதல் முடிவுகளை அவர் அறிவித்தார்.

இக்கருவியில் நீர் நிரம்பிய செப்புக் கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் அச்சில் சுற்றிய கயிறு, இரு கப்பிகளின் வழியே சென்று இரண்டு ஈய எடைகளைத் தாங்கியது. எடைகள் கீழிறங்கும்போது சக்கரம் சுழன்று நீரைக் கலக்கியது. 1850 இல் வெளியான ஆய்வில் ஒவ்வொரு எடையும் ஏறத்தாழ 29 பவுண்டு; இறங்கிய உயரம் ஏறத்தாழ 63 அங்குலம். எடைகளை 20 முறை மேலேற்றி இறக்கிய பின்னும் நீரின் வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகவே உயர்ந்தது. இச்சிறு மாற்றத்தை அளக்க, மான்செஸ்டரின் கருவி வல்லுநர் ஜான் பெஞ்சமின் டான்சர் செய்த வெப்பமானிகளை ஜூல் பயன்படுத்தினார். கப்பிகளின் உராய்வு, எடைகள் தரையைத் தொடும்போது கொண்டிருந்த வேகம், அறையிலிருந்து கலத்திற்கு வந்த வெப்பம் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டுத் திருத்தங்கள் செய்தார்.

ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை பாரன்ஹீட் சூடாக்கத் தேவையான வேலை நீரில் செய்த சோதனையில் 772.7 அடி-பவுண்டு எனக் கிடைத்தது. பாதரசத்தில் 774.1, வார்ப்பிரும்பில் 775.0 எனக் கிடைத்தது. பொருள் மாறியும் விடை ஏறத்தாழ மாறவில்லை என்பதே இச்சோதனைகளின் வலிமை. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 778 ஆகும். ஜூலின் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இன்றைய அலகுகளில் கூறினால், ஒரு கிலோ நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4186 ஜூல் தேவை. இதே ஆற்றலால் அந்நீரை 427 மீட்டர் உயரத்திற்குத் தூக்க இயலும். வேலை வெப்பமாக மாறுவது அன்றாட வாழ்வில் நம் கண்ணுக்குத் தப்பியதன் காரணமும் இதுவே.

அங்கீகாரம்

ஜூலின் முடிவுகளை அறிவியல் உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1843 இல் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் அவர் வாசித்த கட்டுரை கவனிக்கப்படவில்லை. காற்றை அழுத்திச் செய்த ஆய்வு பற்றிய கட்டுரையை வேந்தியக் கழகம் 1844 இல் வெளியிட மறுத்தது. பாகையின் மிகச் சிறு பகுதிகளை அளந்து பெற்ற முடிவுகளைப் பலர் ஐயுற்றனர்.

1847 சூனில் ஆக்ஸ்போர்டில் நடந்த கூட்டத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட, அப்போது 22 வயதான வில்லியம் தாம்சன் ஜூலின் உரையால் ஈர்க்கப்பட்டார். எனினும் வெப்பம் அழிவதில்லை என்ற கருத்தில் அமைந்த கார்னோவின் கொள்கையைக் கைவிட அவர் சில ஆண்டுகள் தயங்கினார். 1850 இல் கிளாசியசும் 1851 இல் தாம்சனும் வெளியிட்ட கட்டுரைகளில், ஜூலின் முடிவும் கார்னோவின் கொள்கையும் இணைந்து வெப்ப இயக்கவியலின் இரு விதிகளாக உருப்பெற்றன. ஜூலும் தாம்சனும் 1852 முதல் பத்தாண்டுகள் கூட்டாக ஆய்வு செய்து ஜூல்-தாம்சன் விளைவைக் கண்டறிந்தனர். வளிமங்களைத் திரவமாக்கும் தொழிலில் இவ்விளைவு பயன்படுகிறது.

செருமானிய மருத்துவரான யூலியஸ் ராபர்ட் மேயர் இதே கருத்தை 1842 இலேயே வெளியிட்டிருந்தார். முன்னுரிமை யாருக்கு என்பது குறித்து நீண்ட விவாதம் எழுந்தது. கருத்தை முதலில் வெளியிட்டவர் மேயர் என்பதும், தொடர்ச்சியான நேரடிச் சோதனைகளால் அதனை நிறுவியவர் ஜூல் என்பதும் இன்று பொதுவாக ஏற்கப்படுகின்றன. வேந்தியக் கழகம் தனது காப்ளி பதக்கத்தை 1870 இல் ஜூலுக்கும் 1871 இல் மேயருக்கும் வழங்கியது.

இறுதிக் காலம்

ஜூல் 1847 இல் அமீலியா கிரைம்ஸ் என்பவரை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். 1854 இல் மூன்றாவது குழந்தை பிறந்த சில வாரங்களில் இறந்தது. அதே ஆண்டில் அமீலியாவும் காலமானார். 1850களின் நடுப்பகுதியில் குடும்ப ஆலையும் விற்கப்பட்டது. சொந்தச் செலவிலேயே பெரும்பாலான ஆய்வுகளைச் செய்துவந்த ஜூலின் செல்வம் காலப்போக்கில் குறைந்தது. 1878 இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. அதே ஆண்டில் தன் அளவீட்டை மீண்டும் செய்து 772.55 என்ற மதிப்பை வெளியிட்டார்.

ஜூல் 1889 அக்டோபர் 11 அன்று மான்செஸ்டருக்கு அருகிலுள்ள சேல் என்னும் ஊரில் காலமானார். புரூக்லாண்ட்ஸ் இடுகாட்டிலுள்ள அவரது கல்லறையில் 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது. மான்செஸ்டர் நகர மண்டபத்தில் அவரது ஆசிரியர் டால்ட்டனின் சிலைக்கு எதிரே ஜூலின் சிலை நிறுவப்பட்டது. 1948 இல் எடைகள் மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு ஜூலை வெப்பத்தின் அலகாகவும் ஏற்றுக்கொண்டது. இதனால் வேலைக்கும் வெப்பத்திற்கும் ஒரே அலகு என்பது உலகளவில் நிலைபெற்றது.