பிரபு திறந்த பள்ளிக்கூடம்

ஆறாவது படிக்கும் மகனை அழைத்து, பாடத்தைப் படி என்கிறோம். மடமடவெனப் படிக்கிறான். மகிழ்கிறோம். படித்தாயே, பொருள் என்ன என்று கேட்டதும் பேந்தப் பேந்த விழிக்கிறான். கையை ஓங்குகிறோம்!

ஓங்கிய கையைச் சற்றே நிறுத்துங்கள், தோழர்களே! ருஷ்யச் சீமான் ஒருவரும் இதே விழிப்பைக் கண்டார். அவர் கையை ஓங்கவில்லை, காரணத்தைத் தேடினார்.

டால்ஸ்டாய்! 1828-இல் பிறந்தவர். யாஸ்னயா பொல்யானா பண்ணை அவருடையது. அதிலே உழைத்தவர்களோ பண்ணையடிமைகள். கசான் பல்கலைக் கழகத்திலே சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறியவர். (பட்டமில்லாத நமக்கு அதிலே ஒரு சிறு ஆறுதல்!) அந்த அடிமைமுறை 1861-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1859-இல், குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பண்ணையிலேயே பள்ளி திறந்தார். கட்டணம் கிடையாது, பிரம்பு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. ஏழு வயது முதல் பதின்மூன்று வரை, ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள். ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து சென்று பள்ளிகளைப் பார்த்தார். மனப்பாடத்தையும் மிரட்டலையும் கண்டு, மனம் கசந்து திரும்பினார்.

தம் பள்ளியிலும் அவருக்குத் தோல்வி காத்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் புஷ்கின் கதையைத் தந்தார், விளங்கவில்லை. ராபின்சன் குரூசோவைத் தந்தார். புரிந்து திருப்பிச் சொல்ல முடியாமல் சிலர் அழுதே விட்டனர். சொல்லுக்குச் சொல் விளக்கம் தந்தார், விளக்கமே புதிராயிற்று! சிக்கல் சொல்லிலே இல்லை, அது குறிக்கும் கருத்து பிள்ளையின் வாழ்விலே இன்னும் வந்து சேரவில்லை என்று கண்டார். பேச்சிலே, கதையிலே, பலமுறை காதில் விழுந்து, பிள்ளை தானே ஊகித்துப் பிடிக்கும் சொல்தான் நிலைக்கும் என்று தெளிந்தார். கடின சொற்களுக்கு அர்த்தம் எழுதிப் போட்டதோடு கடமை தீர்ந்தது என்றிருக்கும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

அடுத்து நடந்ததுதான் விந்தை! பழமொழி ஒன்றை வைத்து அவரே கதை எழுத அமர்ந்தார். நாற்காலியைச் சூழ்ந்தனர் சிறுவர்கள். இப்படியல்ல, அப்படி என்று திருத்தினர். பெத்கா என்ற குடியானவப் பையன், கதையில் வருபவனுக்குப் பெண்பிள்ளையின் மேலங்கியை மாட்டச் சொன்னான். பேரெழுத்தாளர் வியந்தார், பையன் சொல்லச் சொல்ல எழுதினார். இரவு ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை பதினொன்றாகியும் ஓயவில்லை. படிக்க அழுத கூட்டம், படைக்கும்போது பசியை மறந்தது!

ஆள்வோருக்குப் பொறுக்குமா? 1862 ஜூலையில், அவர் ஊரில் இல்லாத நேரம், போலீஸ் புகுந்தது. இரகசிய அச்சகம் உண்டா என்று வீட்டையும் பள்ளியையும் குடைந்தது. எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பள்ளி அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

அவர் விடவில்லை. போரும் அமைதியும் எழுதிப் புகழின் உச்சியில் நின்றவர், 1872-இல் குழந்தைகளுக்கு அரிச்சுவடி எழுதினார்! ஈசாப் கதைகளையும் இந்தியக் கதைகளையும் எளிய நடையில் சேர்த்தார். கல்வி நிபுணர்கள் கடிந்தனர். திருத்தி, 1875-இல் புதிதாக வெளியிட்டார். லட்சக்கணக்கில் விற்றது.

1910-இல் அஸ்தாபவோ ரயில் நிலையத்திலே டால்ஸ்டாய் கண் மூடினார். மேலங்கி யோசனை சொன்ன பெத்கா? அவன் இயற்பெயர் வசீலி மரோசவ். வளர்ந்து தூலா நகரில் வண்டியோட்டிப் பிழைத்தான். அந்த வண்டிக்காரன் தன் பள்ளிக்கூட நினைவுகளை எழுதி வைத்தான். 1917-இல் அது நூலாக வந்தது.