கல்லூரி ஆசிரியரே மறுபடி மாணவரான கதை: உ.வே.சா. சிந்தாமணியைக் கற்றது எப்படி?

விருத்தாசலம்னா பலருக்கும் பீங்கான்தான் ஞாபகம் வரும். உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையில் அது ஓர் ஆசிரியரின் பெயர். சிறுவயதில் அவருக்கு யாப்பருங்கலக் காரிகை சொல்லிக்கொடுத்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். பிறகு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. வயது 25. இனி கற்க என்ன பாக்கி?

அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை.

பிரதி கைக்கு வந்தது. ஆனா, பிரித்துப் படித்தால் பல இடங்கள் புரியவில்லை. தமிழ் தெரியும், சமணம் தெரியாது. சைவ நூல்களிலேயே வளர்ந்தவர், ஆசிரியர் என்ற கௌரவம் பார்க்காமல் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போனார். சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார். கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்.

1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதே உழைப்பில் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) வரிசையாக வெளிவந்தன.

புது விஷயம் முதல் வாரமே பிடிபடலையா? உ.வே.சா.வுக்கு ஒரு புத்தகத்துக்கே சுமார் 7 ஆண்டு ஆனது.