காற்பந்து ஆசான் ரகீம்

தஞ்சை வளநாட்டில் தாளடி அறுவடை முடிந்தபின், வறண்ட வயல்களில் சிறுவர் வெறுங்காலுடன் பந்தாடுவதைக் கண்டிருப்பீர்கள். நீங்களே ஆடியும் இருப்பீர்கள். ஒரு காலத்தில் நம் நாட்டு வீரர் பலரும் உலக அரங்கில் அவ்வாறே ஆடினர். அவர்களைப் பயிற்றுவித்து, ஆசிய விளையாட்டு விழாவில் இருமுறை தங்கப் பதக்கம் பெறச் செய்தவர் சையது அப்துல் ரகீம் என்னும் பள்ளி ஆசிரியர்.

ரகீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். 1950இல் அந்நகரக் காவலர் குழுவின் பயிற்சியாளரானார். அக்குழு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தனியொருவர் பந்தை வளைத்து வளைத்து ஓட்டிச் செல்வதை அவர் விரும்பவில்லை. பந்தை விரைந்து தோழனுக்குத் தள்ளவேண்டும் என்பதே அவர் முறை. பழகாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்று விதித்துப் போட்டிகளும் நடத்தினார். வலக்காலையே நம்பியவர்க்கு அது பெருந்தொல்லையாக இருந்திருக்கும்!

1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில், மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்றது. ஆனால், மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிர்நாட்டுக் களத்தில் வெறுங்கால் உதவவில்லை. அதன்பின் நம் வீரர் காலணி அணிந்து ஆடலாயினர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவிற்குச் சென்றபோது ரகீம் புற்றுநோயால் நலிந்திருந்தார். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடமளிக்க மறுத்ததை இந்தியப் பிரதிநிதி கண்டித்தமையால், அந்நகர மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். நம் தூதரகமும் தாக்கப்பட்டது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா நம்மை 2-0 என்று வென்றது. தாய்லாந்துடன் ஆடியபோது பின்களக் காவல் வீரர் ஜர்னெயில் சிங்கின் தலை பிளந்து தையலிட நேர்ந்தது. அவரை ஓய்விலிருத்துவதே எவர்க்கும் தோன்றும். ரகீமோ அவரை முன்களத்தில் நிறுத்தினார்! துணிச்சலான முடிவு அது. பிழைத்திருந்தால் பழி முழுதும் ஆசிரியர் தலையில்தான் விழுந்திருக்கும்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரில் அதே தென்கொரியா. அரங்கு நிறைந்த மக்கள் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தனர். பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சற்று நேரத்தில் ஜர்னெயில் சிங் இரண்டாவதை அடித்தார். கோல்காவலர் தங்கராஜைக் கடந்து கொரியர் ஒரு பந்தையே செலுத்த முடிந்தது.

1963 ஜூன் திங்களில் ரகீம் மறைந்தார். மறு ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ஆசிய விளையாட்டு விழாவில் காற்பந்துக்குரிய தங்கம் ஜகார்த்தாவுக்குப் பின் நமக்குக் கிட்டவில்லை.