பாத்திக் துணி விற்றுக் கடற்கரையில் நிலம் வாங்கிய ஓவிய ஆசிரியர்

மேருவில் எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் இருந்தான். பொங்கல் விழாவோ, விளையாட்டுப் போட்டியோ, மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியில் எழுதுவதும் வரைவதும் அவன்தான். ஆசிரியர்களே சாக்கட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். ஐந்தாம் படிவம் முடிந்ததும் கிள்ளான் துறைமுகப் பக்கம் கிடங்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்கள். அவனிடம் பதில் இல்லை.

தோட்டமானாலும் பட்டணமானாலும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. இதற்கு ஒரு பதில் கண்டாக வேண்டும் என்று தம் வாழ்நாளின் கடைசிப் பகுதியைச் செலவிட்ட ஓர் ஆசிரியர் சென்னையில் இருந்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1977 சனவரியில் மறைந்த அவரை ஓவிய உலகம் நன்கு அறியும். நம் பக்கத்தில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

பணிக்கர் 1911 மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. பொன்னானியில் பள்ளிக்குப் போனார். (நம் தோட்டங்களில் கிராணி வேலை பார்த்த மலையாளிகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு மலபார் என்ற பெயர் அந்நியமாக இருக்காது.) கால்வாய், தென்னை, ஓடம், ஈரமான பச்சை ஆகியவையே சிறுவன் பணிக்கரின் முதல் பாடப்புத்தகம். பன்னிரண்டு வயதிலேயே வண்ணம் தீட்டத் தொடங்கியவர், பதினேழு வயதில் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் தம் படங்களை வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கெல்லாம் தெரிந்த கதை. குடும்பத்தைக் காக்கப் பதினெட்டு வயதில் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பல ஆண்டுகள் அப்படியே ஓடின. வரைவதை அவர் நிறுத்தவில்லை, ஆனால் அது வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்துக் காரியமாக இருந்தது. 1936-இல், 25 வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். சம்பளம் வாங்கிப் பழகிய ஒருவர் மறுபடியும் பெஞ்சில் போய் உட்காருவது எளிதான முடிவல்ல.

அந்தப் பள்ளிக்குப் பழைய வரலாறு உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ஆங்கிலேயர் காலத்தில் மண்பாண்டம், உலோக வேலை, மரச் செதுக்கு போன்ற கைத்தொழில்களே அங்கு முதன்மையாக இருந்தன. 1929-இல் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அங்கே உயர்ந்த இடம் தேடித் தந்தார். சென்னை மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு தொழிலாளர்களின் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அதைச் செய்தவர் அவர்தான். பணிக்கர் அவரிடம் பயின்று, 1941 முதல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1957-இல் சௌத்ரி ஓய்வு பெற்றதும் பள்ளியின் தலைமைப் பொறுப்பு பணிக்கரிடம் வந்தது. பத்தாண்டுகள் அதில் இருந்தார்.

இதற்கிடையே 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்தவரை ஒரு சங்கடம் பிடித்துக்கொண்டது. பாரிஸில் வரைவதைப் போலவே நாமும் வரைந்தால் நம்முடையது என்று எதைச் சொல்வது? பழைய புராணப் படங்களையே திருப்பி வரைந்தால் அது இந்தக் காலத்துப் படமாகுமா? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை அவர் தாமும் தேடினார், மாணவர்களையும் தேட வைத்தார்.

அவருக்கு அந்த வழி கிடைத்த இடம் வேடிக்கையானது. 1963-இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் புத்தகப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், இயற்கணிதக் குறிகள், கோடுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த ஒரு பக்கம். நமக்கென்றால் விடை சரியா தவறா என்றுதான் பார்க்கத் தோன்றும். பணிக்கர் அதில் ஒரு படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் வரைந்த படங்களில் மலையாள எழுத்துகளும், சாதகக் கட்டங்களும், பறவை, பாம்பு போன்ற உருவங்களும் ஏடு போன்ற பரப்பில் நிறைந்தன. சொற்களும் குறியீடுகளும் என்று பெயர் பெற்ற வரிசை அது. மலையாளம் தெரிந்தவர்களாலும் அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துப் பொருள் காண முடியாது. படிப்பதற்காக அவர் அவற்றை எழுதவில்லை. ஏடும் சாதகமும் வீட்டில் இருந்த எவருக்கும் பரிச்சயமான ஒரு தோற்றம் அதில் இருந்தது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவரை இங்கே எழுதத் தூண்டியது அந்தப் படங்கள் மட்டுமல்ல.

பள்ளித் தலைவராக இருந்தவர் ஆண்டுதோறும் ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறமையான பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போவார்கள். சில ஆண்டுகளில் எங்காவது விளம்பர நிறுவனத்திலோ அலுவலகத்திலோ காணாமல் போய்விடுவார்கள். அன்றைய சென்னையில் ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலர். தாமே தந்தி அலுவலகத்தில் இளமையைக் கழித்தவர் என்பதால் அந்த இழப்பின் கனம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சான்றிதழ் கொடுத்ததோடு ஆசிரியரின் வேலை முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரும் மாணவர்களும் சேர்ந்து கண்ட வழி கைத்தொழில். 1960-களின் தொடக்கத்தில் ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்கத் தொடங்கினார்கள். நமக்குப் பாத்திக்கை விளக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை அரசு அலுவலகத்துக்குப் போனால் எல்லார் உடம்பிலும் அதுதான். உருக்கிய மெழுகால் துணியில் கோடிழுத்து, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை நீக்கினால் மெழுகு இருந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். கோடு பிசகினால் திருத்த முடியாது. வரையத் தெரிந்த கைக்கு ஏற்ற தொழில். ஏறத்தாழ அதே காலத்தில் நம் பினாங்கில் சுவா தியென் தெங் பாத்திக் முறையிலேயே ஓவியம் தீட்டிப் பெயர் பெற்றிருந்தார். அவர் பாத்திக்கையே ஓவியமாக்கினார். சென்னைக்காரர்களுக்கு அது ஓவியத்தைக் காப்பாற்றும் சோறாக இருந்தது.

பாத்திக்கோடு தோல், உலோகம், மண் ஆகியவற்றில் செய்த பொருள்களும் விற்றன. அந்தப் பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-இல் உருவான அந்த இடம்தான் சோழமண்டல் ஓவியர் கிராமம். அரசாங்கமோ பணக்காரப் புரவலரோ கொடுத்த நிலமல்ல அது. முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் அதில் பங்கெடுத்தார்கள். மணலும் சவுக்கு மரமுமாக இருந்த இடத்தில் எளிய வீடுகளைப் போட்டுக்கொண்டு குடியேறினார்கள். நாளின் ஒரு பகுதி விற்பனைக்கான கைவேலைக்கு, மீதி யாருக்காகவும் வளைக்க வேண்டாத சொந்த ஓவியத்துக்கு என்பது ஏற்பாடு. 1967-இல் ஓய்வு பெற்ற பணிக்கரும் இந்தக் கிராமத்தோடு தம் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். பால்மரம் வெட்டிவிட்டு வந்து மாலையில் மாடு பார்ப்பது, காய்கறி போடுவது, கோயில் திருவிழாவுக்கு நாடகம் பழகுவது என்று வாழ்ந்த தாத்தா பாட்டிகள் நமக்கு உண்டு. ஆனால் பால்மரத் தோட்டம் துரையுடையது. சோழமண்டலில் மண்ணும் அவர்களுடையதாக இருந்தது. இந்த வித்தியாசம் சின்னதல்ல.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கே. ராமானுஜம் என்றொரு மாணவர். பேச்சு திக்கும், மனநோயும் இருந்தது. வேறு இடமென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பணிக்கர் அவரைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார், பிறகு சோழமண்டலிலும் இடம் கிடைக்கச் செய்தார். கோட்டைகளும் விநோத விலங்குகளும் தொப்பி அணிந்த தம் உருவமும் நிறைந்த கனவுலகத்தை ராமானுஜம் வரைந்து குவித்தார். சென்னை கன்னிமாரா ஓட்டலுக்குச் சுவர் ஓவியமும் செய்தார். 1973-இல், முப்பதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நிலமும் தொழிலும் கொடுத்த கிராமத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் வரைய ஓர் இடம் இருந்ததும் உண்மை, அது போதவில்லை என்பதும் உண்மை.

பணிக்கர் பள்ளித் தலைவராக இருந்த காலத்தில் அங்கே படித்தவர்களில் ஒருவர் கே.எம். ஆதிமூலம். தமிழ் இதழ்களிலும் நூல் அட்டைகளிலும் அவருடைய கோடுகளைப் பார்த்த வாசகர்கள் இங்கேயும் இருப்பார்கள். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பியாகச் சோழமண்டலிலேயே வாழ்ந்து, 2017-இல் மறைந்தார்.

போன மாதம் என் நண்பனைக் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். கைப்பேசியில் பணிக்கரின் படம் ஒன்றைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தான். இது யாருடைய கணக்கு நோட்டு என்று கேட்டான். நான் அந்த 1963 கதையை அதுவரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தி. நகரில் துணி எடுத்துவிட்டு மகாபலிபுரம் பார்த்துத் திரும்புகிறார்கள். அந்த மகாபலிபுரம் சாலையில்தான் ஈஞ்சம்பாக்கம் இருக்கிறது. சோழமண்டலில் ஓவியக் கூடம் உண்டு. பணிக்கரின் படங்களையும் அவர் மாணவர்களின் படங்களையும் அங்கே காணலாம். கேரளப் பக்கம் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே தனிக்கூடம் இருக்கிறது.