மணலில் அ, ஆ எழுதிய ஜெர்மானியர்

குழந்தைகளே! உங்கள் வகுப்பில் ஒரு நாள் காலையில், 24 வயது அண்ணன் ஒருவர் வந்து உங்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அ, ஆ எழுத ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அவர் வெள்ளைக்காரராகவும் இருந்து, எழுதியதைத் தப்பும் தவறுமாகச் சத்தம் போட்டுப் படித்தால்? நிச்சயம் சிரித்திருப்பீர்கள்!

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் இருந்த சில சிறுவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அந்த வெள்ளைக்காரரின் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சாக்சனி பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. சீகன்பால்கு சிறுவனாக இருக்கும்போதே தாய், தந்தை இருவரும் இறந்துவிட்டார்கள். அக்காவின் கவனிப்பில் வளர்ந்தார். உடம்போ அடிக்கடி படுத்துக்கொள்ளும் உடம்பு. வயிற்றுவலி அவரைக் கடைசிவரை விடவில்லை. ஹாலே என்ற நகரில் பிராங்கே என்ற பேராசிரியரிடம் கிறிஸ்தவ சமயக் கல்வி படித்தார்.

அந்தச் சமயத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், கடல் கடந்து தன் ஆட்சியில் இருந்த இடங்களுக்குக் கிறிஸ்தவ ஊழியர்களை அனுப்ப விரும்பினார். முதலில் அவர் நினைத்த இடம் எது தெரியுமா? வெஸ்ட் இண்டீஸ்! பெயரைக் கேட்டதும் உங்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அந்தக் கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் என்ற தீவு டென்மார்க்கின் கையில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள் அங்கே தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தார்கள். பிறகு அந்த எண்ணம் மாறியது. ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்கு அனுப்பலாம் என்றார்கள். அதுவும் மாறிக் கடைசியில் தரங்கம்பாடி முடிவானது. இல்லாவிட்டால் சீகன்பால்கு தமிழ் என்ற பெயரையே கேள்விப்படாமல் போயிருப்பார்.

தரங்கம்பாடி எப்படி டென்மார்க்கிடம் போனது என்று கேட்கிறீர்களா? 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் அங்கே வியாபாரம் செய்ய வந்தார்கள். அவர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலா போனால் பார்க்கலாம்.

சீகன்பால்குவும் அவருடைய நண்பர் ஹென்ரிக் புளூச்சோவும் சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டார்கள். ஏழு மாதங்களுக்கு மேல் கடலிலேயே பயணம். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். மாலை, மேளம் எதுவும் இல்லை. அரசர் அனுப்பிய ஆட்கள் என்றாலும் ஆளுநர் ஹாசியசுக்கு அவர்களைக் கண்டாலே பிடிக்கவில்லை. இவர்கள் வந்து எதையாவது கிளறிவிட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். தங்குவதற்கு இடம்கூடச் சொல்லாமல் இரண்டு பேரையும் நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வழியாக வீடு கிடைத்தது. அடுத்த கஷ்டம் மொழி. ஊர் மக்கள் பேசியது தமிழ். ஐரோப்பியர்கள் அதை மலபார் மொழி என்று தவறாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் கற்பதற்கு அகராதியோ இலக்கணப் புத்தகமோ சீகன்பால்குவின் கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? வயதான ஓர் ஆசிரியரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் மணலில் விரலால் எழுதினால் இவரும் எழுதினார். அவர்கள் அழித்தால் இவரும் அழித்தார். ஜெர்மனியில் பெரிய படிப்புப் படித்தவர் நாம் ஏன் மணலில் உட்கார வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

எழுத்து தெரிந்தால் போதுமா? பொருள் தெரிய வேண்டாமா? அந்த ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அதற்கு உதவியவர் அழகப்பன். அவர் டேனிஷ்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன் என்று பல மொழிகள் அவருக்குத் தெரியும். ஓராண்டுக்குள் சீகன்பால்கு தமிழில் பேசத் தொடங்கிவிட்டார்.

தன் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று அவர் 1708-இல் ஊருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் டைம் டேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடிந்ததும் ஜெபம். 7 மணியிலிருந்து 8 மணி வரை முன்பு கற்ற சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. 8 மணியிலிருந்து 12 மணி வரை தமிழ்ச் சுவடிகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு வயதான புலவர் இருப்பார், பாட்டுக்குப் பொருள் சொல்வார். இன்னொரு பக்கம் ஓர் எழுத்தர் இருப்பார், புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். மதியம் சாப்பிடும்போதும் ஒருவர் பக்கத்தில் நின்று படித்துக்காட்ட வேண்டும்! சிறிது ஓய்வு. பிறகு சமயப் பாடம் நடத்துவது. மாலை 3 மணிக்கு மறுபடியும் சுவடி. விளக்கு வெளிச்சத்தில் அவருக்குக் கண் வலிக்கும். அதனால் இரவில் வேறொருவர் படிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். இடையில் வீட்டுக்கு வரும் மக்களோடு பேச்சும் வாதமும் நடக்கும்.

சுவடிகள் சும்மா கிடைக்கவில்லை. ஆட்களை ஊர் ஊராக அனுப்பினார். வீட்டுப் பரண்களில் கிடந்த ஓலைகளை விலை கொடுத்து வாங்கினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்க வைத்தார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பும் எழுதிப் பட்டியல் போட்டுவிட்டார். திருக்குறளும் அதில் இருந்தது.

அதே ஆண்டில் மூன்று சிறிய நூல்களை அவர் ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். அவற்றில் இரண்டு உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. ஒன்று ஔவையாரின் கொன்றை வேந்தன். இன்னொன்று உலகநீதி. மூன்றாவது நீதிவெண்பா. நீங்கள் தூக்கக் கலக்கத்தில் மனப்பாடம் செய்கிறீர்களே, அதே வரிகளைத்தான் அவர் வியந்து வியந்து ஜெர்மன் மொழியில் எழுதினார்.

ஏன் வியந்தார் தெரியுமா? ஐரோப்பாவில் பலர் தமிழ் மக்களைப் படிப்பும் ஒழுங்கும் இல்லாத காட்டுமனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஏறும்போது சீகன்பால்குவும் அப்படித்தான் நினைத்தார். மொழி தெரிந்து, நூல்களைப் படித்து, மக்களோடு பேசிப் பார்த்த பிறகு அந்த நினைப்பு தவறு என்று தெரிந்தது. அதை அவர் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

அவர் வந்தது கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவதற்குத்தான். அதில் அவர் கடைசிவரை மாறவில்லை. இந்து சமய வழிபாட்டை எதிர்த்து வாதாடவும் செய்தார். இதனால் மோதல்களும் வந்தன. அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் மகன் கணபதி வாத்தியார் 1709-இல் கிறிஸ்தவரானபோது அந்தக் குடும்பமே கொதித்துப் போனது. பாடம் சொல்லிக்கொடுத்த வீட்டில் மனக்கசப்பு. அந்த முதியவர் எப்படித் தவித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

தரங்கம்பாடியிலும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் பாடம் கற்க விடுமுறை தர வேண்டும் என்று சீகன்பால்கு கேட்டார். எஜமானர்களுக்கு இது பிடிக்குமா? முகம் சுளித்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பள்ளிக்கூடம் நடத்தினார். பெண் பிள்ளைகள் எழுத்தைத் தொடுவதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில் அவர்களுக்கும் பள்ளி ஏற்படுத்தினார்.

1708-இல் ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அநியாயம் நடக்கிறது என்று அந்தப் பெண்ணுக்காகப் பேசினார். ஏற்கெனவே கோபமாக இருந்த ஆளுநருக்கு அது போதுமானதாக இருந்தது. நவம்பர் மாதம் வீரர்கள் வந்து சீகன்பால்குவைக் கோட்டைக்கு இழுத்துப் போனார்கள். காற்று வராத சிறிய அறை. யாரும் பார்க்கக்கூடாது. எழுதுகோலும் காகிதமும்கூடத் தரவில்லை. எழுதாமல் ஒரு நாளும் இருக்கமுடியாதவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் பாதியில் நின்ற வேலையை மறுபடியும் எடுத்துக்கொண்டார். அது பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலை. 1711 மார்ச் மாதம் அதை முடித்தார்.

இனி அதை அச்சடிக்க வேண்டும். தமிழ் அச்சு அதற்கு முன்பே இருந்தது. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த வேலை தொடராமல் நின்றுபோயிருந்தது. சீகன்பால்குவுக்கு லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். அது வந்த கதை சினிமாவைப் போல இருக்கும்! தென் அமெரிக்காவில் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்துத்தான் மீட்க முடிந்தது. கூட வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதை ஓட்ட ஆள் இல்லை. நல்லவேளை, டேனிஷ் படையிலேயே அச்சுத் தொழில் தெரிந்த ஒரு வீரர் இருந்தார்.

தமிழ் எழுத்துகளை ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். அவை 1713-இல் வந்தன. ஒவ்வோர் எழுத்தும் பெரிது பெரிதாக இருந்தது. ஒரு பக்கத்தில் கொஞ்ச வரிகள்தான் பிடித்தன. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். இப்படியே போனால் காகிதம் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. பக்கத்து ஊரான பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே? லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி வந்தது. காகிதம் செய்யவும் பொறையாரில் ஒரு பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். காகிதத்தைக் கடுதாசி என்று உங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்களே!

இத்தனைக்கும் நடுவில் 1713-இல் சீகன்பால்கு ஒரு பெரிய புத்தகம் எழுதி முடித்தார். தமிழ் மக்கள் வணங்கும் தெய்வங்கள், கோயில்கள், திருவிழாக்கள், விரதங்கள், ஊர்க்காவல் தெய்வங்கள் பற்றியெல்லாம் மக்களிடமே கேட்டுத் தொகுத்தது. அவற்றை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஐரோப்பியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். ஆசையோடு தன் ஆசிரியர் பிராங்கேவுக்கு அனுப்பினார்.

பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அங்கே அனுப்பியது அந்த நம்பிக்கைகளை அகற்றுவதற்கு, அவற்றை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவருடைய பதில். அப்பா போல மதித்தவரிடமிருந்து இப்படி ஒரு பதில்! கையெழுத்துப் பிரதி அலமாரிக்குள் போய்விட்டது.

1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். அவர் உதவியோடு தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீன் மொழியில் எழுதினார். 1716-இல் அது ஹாலேயில் அச்சானது. அங்கே மரியா டோரத்தியாவைத் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டில் மனைவியோடு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718-இல் அது திறக்கப்பட்டது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கோபன்ஹேகனிலிருந்து கண்டிப்பான கடிதங்கள் வந்தன. பள்ளிகளுக்கும் கட்டடங்களுக்கும் இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டன. பழைய வயிற்றுநோய் முற்றியது. 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி சீகன்பால்கு இறந்தார். அப்போது அவருக்கு 37 வயதுகூட நிறையவில்லை. அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

தரங்கம்பாடிக் கடிதங்களை வாசித்துக் கேட்டு வளர்ந்த ஹாலே பள்ளி மாணவர்களில் ஒருவர் சின்சென்டார்ப். பெரியவரானதும் அவர் ஊழியர்களை அனுப்பத் தொடங்கினார். அவர்களில் முதல் இருவர் 1732-இல் போய் இறங்கிய இடம் செயின்ட் தாமஸ் தீவு. டென்மார்க் அரசர் முதலில் நினைத்தாரே, அதே கரீபியன் தீவுதான்!

அலமாரியில் கிடந்த அந்தப் பெரிய புத்தகம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? 154 ஆண்டுகள் காத்திருந்தது. 1867-இல் அதைத் தேடி எடுத்து அச்சிட்டார்கள். ஜெர்மன் மொழிப் புத்தகம்தான். ஆனால் அது அச்சான ஊர் ஹாலேயும் இல்லை, கோபன்ஹேகனும் இல்லை. நம் சென்னை!