அம்போன் தீவின் அகக்கண்

இந்தோனேசிய நாட்டின் கிழக்குப் பகுதியில் மொலுக்கத் தீவுக்கூட்டம் உள்ளது. கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் அதுவே தாயகம். ஆகவே அதனை நறுமணத் தீவுகள் என்று உலகம் அழைத்தது. அக்கூட்டத்தில் ஒன்று அம்போன் தீவு. நிலநடுக்கோட்டிற்குச் சற்றே தெற்கில் அமைந்த அச்சிறு தீவில் மழைக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. மலைச்சரிவுகளில் அடர்ந்த காடும், கரையோரத்தில் அலையாத்தி மரங்களும், கடலுக்குள் பவளப் பாறைகளும் எண்ணற்ற உயிர்களுக்கு இருப்பிடமாக விளங்குகின்றன.

அத்தீவின் மரம், செடி, கொடி, நண்டு, சங்கு ஆகியவற்றை இனங்கண்டு, முறைப்படுத்தி, நூலாக எழுதிவைத்தவர் ஜார்ஜ் எபர்ஹார்ட் ரம்ஃபியஸ். அப்பணியின் பெரும்பகுதியை அவர் தம் கண்பார்வையை இழந்த பின்னரே செய்து முடித்தார்.

இளமைப் பருவம்

ரம்ஃபியஸ் 1627ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். அவருடைய தந்தையார் கட்டடப் பணியில் வல்லவர். அக்காலத்தில் ஜெர்மனி முப்பதாண்டுப் போரினால் சீர்குலைந்திருந்தது. போரின் நடுவே வளர்ந்த அவருக்குத் தொலைதூர நாடுகளைக் காணவேண்டும் என்னும் வேட்கை மிகுந்தது.

இளைஞரானதும் அவர் வெனிஸ் நகர அரசின் பணிக்கு என்று நம்பிப் படையில் சேர்ந்தார். ஆனால் அவர் ஏறிய கப்பல் பிரேசிலை நோக்கிச் செலுத்தப்பட்டது. அக்கப்பலும் பிரேசிலை அடையவில்லை. அவர் போர்ச்சுக்கல் நாட்டில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தங்க நேர்ந்தது. பின்னர் ஊர் திரும்பித் தந்தையாருக்குத் துணையாகச் சிறிது காலம் பணியாற்றினார். எனினும் கடல் அவரை மீண்டும் அழைத்தது. 1652ஆம் ஆண்டின் இறுதியில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராக அவர் கிழக்கு நோக்கிப் பயணமானார். இன்று ஜகார்த்தா என்று வழங்கும் படேவியா நகரை அடைந்து, அங்கிருந்து அம்போன் தீவிற்குச் சென்றார். அதன்பின் அவர் ஐரோப்பாவிற்குத் திரும்பவே இல்லை.

தீவில் தொடங்கிய தேடல்

படைத்தொழிலில் ரம்ஃபியஸுக்கு நாட்டம் இல்லை. 1657ஆம் ஆண்டு அவர் கம்பெனியின் வணிகப் பிரிவிற்கு மாறினார். தீவின் வடபகுதியான ஹிட்டுக் கடற்கரையில் அலுவல் பார்த்தார். பகற்பொழுதில் கணக்கும் வணிகமும் அவருடைய கடமைகள். எஞ்சிய நேரமெல்லாம் காட்டிலும் கடற்கரையிலும் கழிந்தது.

தீவில் கண்ட உயிர்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஐரோப்பிய நூல்களில் பெயரே இல்லை. பெயர் தெரியாத ஒன்றை எவ்வாறு இனங்காண்பது? அதற்கு ரம்ஃபியஸ் கண்ட வழி எளியது. அத்தீவிலேயே பிறந்து வளர்ந்த மக்களிடம் அவர் கேட்டறிந்தார். மலாய் மொழியைக் கற்றுத் தேர்ந்தார். மீனவர், உழவர், மருந்து தருவோர் ஆகியோரை நாடிச் சென்று, ஒவ்வொரு செடியின் பெயரையும் பயனையும் வினவினார். அவருடைய மனைவியும் செடிகளைத் தேடுவதில் அவருக்குத் துணைநின்றார்.

இவ்வாறு திரட்டிய செய்திகளை அவர் ஓர் ஒழுங்கில் அமைத்தார். முதலில் தாவரத்தின் தண்டு, இலை, பூ, காய் ஆகியவற்றின் தோற்றத்தை விளக்குவார். அடுத்து இலத்தீன், டச்சு, மலாய், அம்போன் மொழி எனப் பல மொழிகளில் அதற்கு வழங்கும் பெயர்களைத் தருவார். பின்னர் அது வளரும் இடத்தையும், இறுதியில் அதன் பயனையும் எழுதுவார். அவருடைய தாவர நூல் தென்னை மரத்தில் தொடங்குகிறது. வாழை, கமுகு, வெற்றிலை, ஈரப்பலா, கிராம்பு எனத் தீவில் வளரும் தாவரங்கள் அதில் இடம்பெறுகின்றன. அவற்றுள் பல தமிழ் மக்களும் நன்கறிந்தவை. தீவு மக்களின் அன்றாட உணவாகிய மாவைத் தரும் சவ்வரிசிப் பனையும் அந்நூலில் விளக்கப்பட்டுள்ளது. அம்மரத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை நீரில் கரைத்து வடித்தே அம்மாவை எடுப்பர்.

இருள் சூழ்ந்தது

1670ஆம் ஆண்டு ரம்ஃபியஸின் கண்கள் ஒளி இழந்தன. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இலையின் வடிவத்தையும் பூவின் நிறத்தையும் கண்டு எழுதிவந்தவருக்கு இதனினும் கொடிய இழப்பு வேறில்லை. அவர் அம்போன் நகருக்கு வந்து குடியேறினார். கம்பெனி அவரைப் பணியிலிருந்து நீக்காமல் ஊதியம் அளித்து வந்தது.

அதுவரை அவர் நூலை இலத்தீன் மொழியில் எழுதிவந்தார். இனி அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதவேண்டும். இலத்தீன் அறிந்த எழுத்தர் அங்கு இல்லை. ஆகவே பல்லாண்டு உழைப்பில் உருவான பகுதிகளை ஒதுக்கிவிட்டு, டச்சு மொழியில் முதலிலிருந்து தொடங்கினார்.

ஓர் உயிரை இனங்காணக் கண் மட்டுமே கருவி அன்று. அம்போன் தீவின் தாவரங்களே இதற்குச் சான்று. கிராம்பு மரத்தின் இலையைக் கசக்கினால் எழும் மணமே அதனைக் காட்டிக்கொடுக்கும். தாழை மடலின் விளிம்பில் உள்ள முட்களை விரல்கள் அறியும். ஈரப்பலாவின் இலை அகன்று, ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். பலாவின் இலையோ சிறியது, பெரும்பாலும் பிளவற்றது. தடவிப் பார்த்தே இரண்டையும் வேறுபடுத்தலாம். ரம்ஃபியஸ் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் தாவரங்களை அறிந்தார். நிறத்தையும் நுண்ணிய கோடுகளையும் உதவியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். முன்பு கண்ணால் கண்டவை அவருடைய நினைவில் அழியாமல் இருந்தன.

1674ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் மாலையில், சீனப் புத்தாண்டு விழா நடந்துகொண்டிருந்த வேளையில், பெரும் நிலநடுக்கம் தீவை உலுக்கியது. தொடர்ந்து ஆழிப்பேரலை எழுந்து கடற்கரை ஊர்களை அழித்தது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிந்து விழுந்த சுவர் ஒன்று ரம்ஃபியஸின் மனைவியையும் மகளையும் பலிகொண்டது.

அத்துயரத்தின் நடுவிலும் அவர் அப்பேரிடரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி எழுதினார். எவ்வூரில் அலை எவ்வாறு ஏறியது, எத்தனை பேர் மாண்டனர் என்னும் விவரங்களை அவ்வறிக்கை பதிவு செய்தது. ஆழிப்பேரலையை ஆராயும் அறிஞர்கள் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். இதழ்களின் விளிம்பு நூலிழைகளாகப் பிரிந்த, அழகிய வெண்ணிற ஆர்க்கிடு மலர் ஒன்றை முன்பு அவருடைய மனைவியே அவருக்குக் காட்டியிருந்தார். அம்மலருக்கு ரம்ஃபியஸ் சூசன்னாவின் மலர் என்று பெயர் சூட்டினார். இன்றும் அத்தாவரத்தின் அறிவியற் பெயரில் சூசன்னா என்னும் பெயர் நிலைத்திருக்கிறது.

கரையோர உயிர்கள்

தாவரங்களோடு கடற்கரை உயிர்களையும் ரம்ஃபியஸ் ஆராய்ந்தார். நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் வெற்று ஓடுகளை ஐரோப்பியச் செல்வர்கள் அழகுப்பொருளாகச் சேர்த்துவைத்தனர். அவ்வோட்டினுள் வாழும் மெல்லுடலி எத்தகையது என்பதை அவர்களுள் அறிந்தோர் மிகச் சிலரே. ரம்ஃபியஸ் அதன் உடலையும் வாழ்க்கையையும் படத்துடன் விளக்கினார்.

தேங்காய் நண்டையும் அவர் விவரித்தார். இந்நண்டு இளமையில் பிற உயிர்கள் விட்டுச்சென்ற சங்கினுள் தன் வயிற்றை நுழைத்து வாழும். வளர்ந்தபின் சங்கை நீத்து நிலத்தில் திரியும். தென்னை மரத்திலும் ஏறும். அதன் வயிறு பருத்துப் பை போன்று காணப்படுவதால், பை நண்டு எனப் பொருள்படும் பெயரை ரம்ஃபியஸ் அதற்கு இட்டார். ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில், நிறைமதிக்குப் பிந்தைய சில இரவுகளில் மட்டும் கடலின் மேற்பரப்பில் திரளும் புழுக்களைப் பற்றியும் அவர் எழுதினார். தீவு மக்கள் அப்புழுக்களைத் திரட்டி உணவாக்குவர். ஓர் உயிரை அறிய அதன் உருவத்தோடு, அது வெளிப்படும் காலத்தையும் அறிதல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

தீயும் கடலும்

1687ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அம்போன் நகரில் பெருந்தீ மூண்டது. ரம்ஃபியஸின் நூலகமும், கையெழுத்துப் படிகள் பலவும், தாவரங்களுக்காக வரையப்பட்ட மூலப் படங்களும் சாம்பலாயின. அறுபது வயதை நெருங்கிய அவர் மீண்டும் தொடங்கினார். செடிகளை மறுபடியும் கொண்டுவரச் செய்தார். அவருடைய மகன் பவுலுஸும் ஓவியர்களும் புதிதாகப் படங்களை வரைந்தனர்.

நூலின் ஒரு பகுதி முடிவடைந்து படேவியாவிற்கு அனுப்பப்பட்டது. அங்கே தலைமை ஆளுநராக இருந்த யோஹன்னஸ் காம்புயிஸ் இயற்கை ஆய்வில் ஈடுபாடு உடையவர். அவர் அதனை உடனே ஹாலந்திற்கு அனுப்பாமல், முதலில் ஒரு படி எடுத்துவைத்தார். அம்முன்யோசனையே நூலைக் காத்தது. 1692ஆம் ஆண்டு மூலப்படியை ஏற்றிச்சென்ற வாட்டர்லாந்து என்னும் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் தாக்கி மூழ்கடித்தனர். படேவியாவில் இருந்த படியைக்கொண்டு மீண்டும் நூல் எழுதப்பட்டது. 1696ஆம் ஆண்டு அது ஹாலந்தை அடைந்தது.

ஆயினும் அது அச்சேறவில்லை. நறுமணப் பொருள் வணிகத்தைக் கம்பெனி தன் தனியுரிமையாக வைத்திருந்தது. தீவின் வளங்களைப் பற்றிய செய்திகள் பிறர் கைக்குச் சென்றால் தன் வணிகம் கெடும் என்று அஞ்சிய கம்பெனி, நூலை வெளியிட இசையவில்லை. 1702ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15ஆம் நாள் ரம்ஃபியஸ் அம்போன் தீவிலேயே காலமானார். தம் பெருநூலின் ஒரு பக்கத்தைக்கூட அவர் அச்சுவடிவில் தொட்டுப் பார்க்கவில்லை.

நூல்களின் பயன்

நண்டு, சங்கு, கனிமம் ஆகியவற்றை விளக்கும் அவருடைய நூல் 1705ஆம் ஆண்டு வெளிவந்தது. தாவர நூலை யோஹன்னஸ் பர்மன் என்னும் அறிஞர் பதிப்பித்தார். அது 1741 முதல் 1750 வரை ஆறு பெருந்தொகுதிகளாக வெளியாயிற்று. ஏறத்தாழ 1,200 தாவரங்கள் அதில் விளக்கப்பட்டுள்ளன. ரம்ஃபியஸ் வாழ்ந்த காலத்திலேயே, கேரளக் கடற்கரையின் தாவரங்களைப் பற்றி ஹோர்டஸ் மலபாரிகஸ் என்னும் நூல் பன்னிரண்டு தொகுதிகளாக உருவானது. அதற்கும் இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் மருத்துவர்களின் அறிவே அடிப்படை. செடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் இவ்விரு நூல்களையும் பயன்படுத்தினார்.

ரம்ஃபியஸ் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும், தாவரவியலார் அம்போனுக்குச் சென்று, அவர் குறிப்பிட்ட இடங்களிலேயே செடிகளைத் தேடிச் சேகரித்தனர். அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த எல்மர் மெரில் என்பவர், ரம்ஃபியஸ் விளக்கிய தாவரங்களின் இன்றைய அறிவியற் பெயர்களை 1917ஆம் ஆண்டு வெளியிட்டார். பார்வையற்றவர் சொல்லி எழுதுவித்த விளக்கங்களைக் கொண்டே, பார்வையுடையோர் அச்செடிகளை அடையாளம் கண்டனர்.

அருஞ்சொற்பொருள்

அகக்கண் – அறிவாகிய கண்
அலையாத்தி மரம் – கடலோரச் சேற்றில் வளரும் மரம்
ஆழிப்பேரலை – சுனாமி
கமுகு – பாக்கு மரம்
சோறு – மரத்தின் உள்ளிருக்கும் மென்மையான பகுதி
திங்கள் – மாதம்
முகர்தல் – மோந்து பார்த்தல்

பயிற்சி

1. ரம்ஃபியஸ் இலத்தீன் மொழியை விடுத்து டச்சு மொழியில் எழுதத் தொடங்கியது ஏன்?
2. ஈரப்பலாவின் இலைக்கும் பலாவின் இலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. காம்புயிஸ் செய்த எந்தச் செயல் நூலைக் காத்தது?
4. கம்பெனி நூலை வெளியிட மறுத்ததற்குக் காரணம் யாது? அது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: அகக்கண், நறுமணம், வெண்ணிறம், பேரலை.

செயல்திட்டம்

உம் வீட்டைச் சுற்றி வளரும் ஐந்து செடிகளைத் தேர்ந்தெடுக்க. பெரியவர் ஒருவரின் துணையோடு, கண்ணை மூடிக்கொண்டு இலையைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்க. அறியாத செடி எதையும் வாயில் வைத்தல் கூடாது. ஒவ்வொரு செடிக்கும் தமிழில் வழங்கும் பெயரை வீட்டுப் பெரியோரிடமும், நீவிர் வாழும் மாநில மொழியில் வழங்கும் பெயரை அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்து, தோற்றம், பெயர்கள், வளரும் இடம், பயன் என்னும் வரிசையில் அட்டவணைப்படுத்துக.